பெயின்ட் பிறகு, முதலில் தண்ணீருக்கு வழி

கேள்வி: நான் ஓய்வு பெற்ற அரசுப் பள்ளி ஆசிரியை, வயது 64. கோத்தகிரி பக்கம் சரிவில் 1988-ல் என் கணவர் கட்டிய வீட்டில் தனியாக இருக்கிறேன். வீடு என் பெயரில்தான் இருக்கிறது. முன்பக்கம் ஓட்டுக் கூரை, பின்பக்கம் தளம். ஒரு பகுதியை மாதம் 9,000 ரூபாய்க்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். ஓய்வூதியம் 38,000 வருகிறது. பதினான்கு மாதங்களுக்கு முன் அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 15 லட்சம் போட்டேன். ஜனவரியில் முதிரும் வங்கி டெபாசிட் 4 லட்சம், சேமிப்புக் கணக்கில் 1,20,000 இருக்கிறது. அவர் போன பிறகு பன்னிரண்டு வருடமாக வீட்டின் வெளிப்புறத்தில் கைவைக்கவே இல்லை. வீட்டுக்கு மேலே நிற்கும் சில்வர் ஓக் மரத்தின் சருகு கூரைத் தூம்பை (கூரையோரம் மழைநீரை வாங்கி இறக்கும் குழாயை) அடைத்திருக்கிறது, கூரையோரப் பலகை உளுத்துவிட்டது, பின்சுவரில் எப்போதும் ஈரம், வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தடுப்புச் சுவரில் விரிசல். வீட்டுக்குக் காப்பீடும் இல்லை. மேஸ்திரி மொத்தம் 7,40,000 ரூபாய் கேட்கிறார், அவர் எழுதிக் கொடுத்த கணக்குத் தாளையும் அனுப்பியிருக்கிறேன். பாதி முன்பணம் கொடுத்தால் தீபாவளிக்குள் முடிப்பாராம். பெங்களூரில் இருக்கும் மகன், 14 சதவீத வட்டிக்கு 5 லட்சம் பர்சனல் லோன் எடுத்துத் தருகிறேன், வரிச்சலுகையும் உண்டு என்கிறான். அவன் தலையில் கடனை ஏற்ற எனக்கு மனமில்லை. அஞ்சலகப் பணத்தை எடுத்துவிடட்டுமா ஐயா?

பதில்: வேண்டாம் அம்மா. அஞ்சலகப் பணத்தையும் தொடாதீர்கள், மகனையும் கடன் வாங்க விடாதீர்கள். உங்கள் கையில் இருப்பதை வைத்தே இந்த வேலையைச் செய்யலாம். ஆனால் மேஸ்திரி சொல்லும் வரிசையில் அல்ல, அவர் சொல்லும் நாளிலும் அல்ல.

அஞ்சலகக் கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். 15 லட்சத்துக்கு 8.2 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 30,750 ரூபாய் உங்களுக்கு வருகிறது. அந்தத் திட்டத்தில் வேண்டிய அளவு மட்டும் எடுக்க இடமில்லை, கணக்கையே மூட வேண்டும். ஓராண்டு முடிந்து இரண்டாண்டு ஆவதற்குள் மூடினால் அசலில் 1.5 சதவீதம் பிடிப்பார்கள். அதாவது 22,500 ரூபாய் போய்விடும். அதோடு உங்கள் காலாண்டு வருமானமும் நின்றுபோகும்.

மகனின் கடன் கணக்கு இன்னும் மோசம். 5 லட்சத்தை மூன்று வருடத்தில் கட்டினால் மாதத் தவணை 17,000-ஐத் தாண்டும், வட்டி மட்டும் சுமார் 1,15,000 ஆகும். வரிச்சலுகை என்று அவர் சொல்வதும் சரியல்ல. வீடு உங்கள் பெயரில் இருக்கிறது, சொந்தக்காரர் அல்லாத அவர் அந்த வட்டியைக் கழிக்க முடியாது. நீங்களே கடன் வாங்கினாலும், குடியிருக்கும் பகுதியைப் பழுது பார்க்கும் கடனுக்குப் பழைய வரிமுறையில் ஆண்டுக்கு 30,000 ரூபாய் வட்டிவரைதான் கழிவு, புதிய முறையில் அதுவும் இல்லை. நீங்கள் எழுதியிருக்கும் வருமானத்துக்குப் புதிய முறையில் வரியே வராது என்பதால் சலுகைக்காகக் கடன் வாங்கும் பேச்சுக்கே இடமில்லை. அவர் அன்பில் சொல்கிறார், அது தெரிகிறது. அந்த அன்புக்கு வேறொரு வேலை கொடுப்போம், கடைசியில் சொல்கிறேன்.

இனி மேஸ்திரியின் கணக்கு. நீங்கள் அனுப்பிய தாளில் ஐந்து வேலைகள் இருக்கின்றன. ஓட்டை இறக்கிவிட்டுக் கலர் ஷீட் போட 2,60,000. பூச்சுப் பார்த்துப் பெயின்ட் அடிக்க 1,90,000. பின்பக்கத் தடுப்புச் சுவரும் வடிகாலும் 1,30,000. முகப்பில் கல் ஒட்ட 1,10,000. கூரைத் தூம்பும் ஓரப் பலகையும் 50,000. இதில் கல் ஒட்டும் வேலையை இப்போதே தாளிலிருந்து நீக்கிவிடுங்கள். ஈரம் ஏறும் சுவரின் மேல் கல்லை ஒட்டினால் சுவர் காய வழியில்லாமல் போகும், உள்ளே என்ன நடக்கிறது என்பதும் கண்ணுக்குத் தெரியாது.

மிச்சம் இருப்பதில் எது முந்தி, எது பிந்தி என்பதில்தான் உங்கள் பணம் தங்குவதும் கரைவதும் இருக்கிறது. பின்சுவர் ஈரம் பெயின்ட் இல்லாததால் வருவது அல்ல. உங்கள் வீட்டுக்கு மேலே நிற்கும் சில்வர் ஓக் சருகு தூம்பை அடைத்திருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தூம்பு நிறைந்து வழியும் தண்ணீர் நேராகச் சுவரில் இறங்குகிறது, ஓரப் பலகை உளுத்ததும் அதனால்தான். அதே தண்ணீர் அஸ்திவார ஓரத்தில் தேங்கி மறுபடி சுவரில் ஏறுகிறது. குன்னூரில் என் அப்பா வருடா வருடம் தீபாவளிக்கு இப்படித்தான் ஈரச் சுவருக்குப் பெயின்ட் அடித்தார். பொங்கலுக்குள் கொப்புளம் கொப்புளமாக உரியும். அந்தப் பணத்தில் நாலு முறை தூம்பு மாற்றியிருக்கலாம் என்று எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. தீபாவளிக்குச் சுவரைப் புதுப்பிப்பது கீழே கோவைப் பக்கத்துக்குப் பொருந்தலாம். வடகிழக்குப் பருவமழை கொட்டும் ஐப்பசி, கார்த்திகையில் கோத்தகிரியில் எந்தச் சுவர் காயும்? இங்கே வெளிப்பூச்சுக்கு மாசியும் பங்குனியும்தான்.

தடுப்புச் சுவர் விரிசல்தான் எனக்குக் கவலை. சுவரில் தண்ணீர் கசிந்து வெளியேற விட்டிருக்கும் துளைகள் அடைபட்டால், பின்னால் இருக்கும் மண் மழையில் ஊறி, மண்ணின் பாரத்தோடு தண்ணீரின் அழுத்தமும் சேர்ந்து சுவரைத் தள்ளும். 2009 நவம்பர் மழையில் நம் மாவட்டத்தில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. கூரை நிறத்தையும் இந்தச் சுவரையும் ஒரே தாளில் ஒரே எடையோடு எழுதக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். மழைக்கு முன் கட்டடப் பொறியாளர் ஒருவரை நேரில் வரவழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தச் சில ஆயிரம் ரூபாய் இந்த முழுக் கணக்கிலும் மிக நல்ல செலவு. சுவர் வயிறு தள்ளியிருக்கிறது, உடனே கவனிக்க வேண்டும் என்று அவர் சொன்னால், ஜனவரிக்குக் காத்திருக்காமல் வங்கி டெபாசிட்டை முன்கூட்டியே உடைத்துவிடுங்கள். அதற்குப் போகும் வட்டி சிறிதுதான். மேஸ்திரி ஜேசிபி வைத்து மேட்டை வெட்டிவிடலாம் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். நீலகிரியில் அதற்கு மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். சில்வர் ஓக்கை வெட்டுவதானாலும் 1955-ம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வாங்க வேண்டும்.

ஆக, இந்த மாதமே தூம்பு, ஓரப் பலகை, தடுப்புச் சுவரின் துளைகளைக் குத்திச் சுத்தம் செய்வது. இதற்குச் சேமிப்புக் கணக்கிலிருந்து 50,000 எடுங்கள். மீதி 70,000 கைச்செலவுக்கு இருக்கட்டும். பொறியாளர் அவசரம் இல்லை என்று சொன்னால் ஜனவரியில் டெபாசிட் முதிர்ந்ததும் தடுப்புச் சுவருக்கு 1,30,000. அடுத்தது கூரை. இதில் எனக்கு மேஸ்திரியின் பேச்சில் நம்பிக்கை இல்லை. ஓடு உடையாமல் இருந்து, அதற்கு அடியில் அடித்திருக்கும் மெல்லிய ரீப்பர் கட்டைகள் மட்டும் போயிருந்தால் கூரையையே மாற்ற வேண்டியதில்லை. ஓட்டு வேலை தெரிந்த ஆசாரி ஒருவரை ஏறிப் பார்க்கச் சொல்லி, தனியாக ஒரு கணக்கு வாங்குங்கள். அது 80,000-க்குள் முடிந்தால் பெயின்டுக்கு 1,90,000 மிச்சம் இருக்கும், மார்ச்சில் அடித்துவிடலாம். இல்லை, சட்டமே உளுத்துவிட்டது என்றால் கூரைக்கு 2,60,000 போகட்டும். பெயின்ட் ஒரு வருடம் காத்திருக்கும். பார்க்க நன்றாக இருக்காதுதான், வீடு நிற்கும்.

முன்பணம் பாதி, அதாவது 3,70,000 கொடுக்கவே கூடாது. பொருளை உங்கள் பெயரில் பில் போட்டு நீங்களே வாங்குங்கள், கூலியை வேலை முடிய முடியக் கொடுங்கள், கூரை வேலையில் கடைசிப் பத்தில் ஒரு பங்கை ஒரு நல்ல மழை பெய்து பார்த்த பிறகு கொடுங்கள். பில்களை எல்லாம் எடுத்து வையுங்கள்.

பன்னிரண்டு வருடச் செலவு ஒரே நாளில் வந்து நின்றதால்தான் உங்களுக்கு இது மலைப்பாக இருக்கிறது. வாடகை வருமானத்தில் 30 சதவீதத்தை, நீங்கள் பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும், வருமான வரிச் சட்டம் கழித்துக்கொள்ள விடுகிறது. உங்களுக்கு அது வருடத்துக்கு 32,400, மாதத்துக்கு 2,700. அந்தப் பணம் வீட்டுடையது என்று வைத்துக்கொள்ளுங்கள். அஞ்சலகத்தின் ஐந்தாண்டுத் தொடர் வைப்பில் (ஆர்.டி.) மாதம் 2,700 போட்டால் இப்போதைய 6.7 சதவீத வட்டியில் முடிவில் ஏறக்குறைய 1,92,000 வரும். மேஸ்திரி பெயின்டுக்குக் கேட்ட தொகையே அதுதான்.

வீட்டுக்குக் காப்பீடு இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மகன் மாதம் 17,000 கட்ட நினைத்தாரே, அதில் சிறு பகுதியை வைத்து உங்கள் வீட்டுக்குப் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ பாலிசி எடுத்துத் தரட்டும். புயல், வெள்ளம், மண்சரிவு எல்லாம் அதில் அடங்கும். மனை விலையைச் சேர்க்காமல், மறுபடி கட்ட என்ன ஆகுமோ அந்தத் தொகைக்கு எடுங்கள். நாள்பட்ட தேய்மானத்துக்கும் பராமரிக்காமல் விட்டதற்கும் பாலிசி தராது. இப்போது இருக்கும் விரிசலை மறைக்காமல் சொல்லி எடுங்கள்.

தூம்பு வேலைக்கு ஆளைக் கூப்பிட இந்த வாரத்தைத் தாண்ட விடாதீர்கள், செப்டம்பர் முடியப் போகிறது. பொறியாளரும் ஆசாரியும் சொன்னதை எனக்கு எழுதுங்கள். கூரை முழுக்கப் போய்விட்டது என்று வந்தால் உட்கார்ந்து கணக்கை மறுபடி போடுவோம்.