தொப்பூர் ஏற்றத்தில் திணறும் டீசல் கார்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். 2014-ஆம் ஆண்டு வாங்கிய, வி.ஜி.டி. டர்போ (இஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும், அசையும் இதழ்கள் கொண்ட கருவி) பொருத்திய டீசல் கார் ஒன்று என்னிடம் உள்ளது. இதுவரை 1,38,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. தந்தையாரின் சிகிச்சைக்காக மாதம் இருமுறை சேலம் சென்று வருகிறோம். திரும்பி வரும்போது தொப்பூர் மேட்டில் பாதி ஏறுவதற்குள் இஞ்சின் விளக்கு எரிந்து, வண்டி இழுவையை இழந்துவிடுகிறது. எவ்வளவு மிதித்தாலும் 3,000 சுற்றைத் தாண்டுவதில்லை. ஓரமாக நிறுத்திச் சாவியை அணைத்து மீண்டும் போட்டால், ஒன்றுமே நடவாததுபோல் ஓடுகிறது. ஸ்கேனரில் ஒவ்வொரு முறையும் பி0299 என்ற குறியீடே வருகிறது. ஒரு பட்டறையில் டர்போ தரும் காற்றழுத்தத்தை அளக்கும் பூஸ்ட் சென்சாரை மாற்றினார்கள், இன்னொன்றில் புகையின் ஒரு பகுதியை இஞ்சினுக்கே திருப்பும் இ.ஜி.ஆர். வால்வைச் சுத்தம் செய்தார்கள். மூன்றாவது பட்டறையில் டர்போவையே மாற்ற வேண்டும் என்று 58,000 ரூபாய் கேட்கிறார்கள். மாற்றிவிடலாமா? – வாசகர், பாலக்கோடு.

பதில்: இப்போதைக்கு வேண்டாம். டர்போ கெட்டிருக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது கெட்டுவிட்டது என்பதை இதுவரை யாரும் சோதித்துப் பார்த்ததாக உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. பி0299 என்பது, இஞ்சின் கணினி கேட்ட அளவுக்குக் காற்றழுத்தம் வந்து சேரவில்லை என்ற முறையீடு மட்டுமே. காற்று எங்கே குறைந்தது, எந்தப் பாகத்தால் குறைந்தது என்பதை அந்தக் குறியீடு சொல்வதில்லை. அடைத்துப்போன ஏர் ஃபில்டர், விரிசல் விட்ட ரப்பர் குழாய், பென்சில் கனம்கூட இல்லாத வேக்கம் (வெற்றிட இழுப்பு) ஹோஸ், கரி பிடித்த டர்போ இதழ்கள் ஆகிய எல்லாவற்றுக்கும் திரையில் வருவது இதே எண்தான்.

சமவெளியில் வராத கோளாறு மேட்டில் மட்டும் ஏன் வருகிறது என்பதிலிருந்தே தேடலைத் தொடங்க வேண்டும். பாலக்கோட்டுக்கும் தருமபுரிக்கும் இடையே ஓட்டும்போது முழு அழுத்தம் தேவைப்படுவது ஓரிரு விநாடிகளுக்குத்தான். ஒரு லாரியை முந்தியதும் கால் தானாகவே தளர்ந்துவிடும். தொப்பூரிலோ, குடும்பத்தோடும் ஏ.சி.யோடும் ஏறும்போது, கணினி நீண்ட நேரம் விடாமல் உயர்ந்த அழுத்தத்தைக் கேட்கிறது. கேட்டதற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசம் சில விநாடிகளுக்கு மேல் நீடித்தால், இஞ்சினைக் காப்பதற்காக அது எரிபொருளைக் குறைத்துவிடும். பட்டறைக்காரர்கள் லிம்ப் மோட் என்று சொல்வது இதைத்தான். சாவியை அணைத்துப் போடும்போது அந்தக் கட்டுப்பாடு மட்டும் நீங்குகிறது. காரணம் அப்படியே இருப்பதால் அடுத்த பயணத்தில் திரும்ப வருகிறது. ஆகவே, பட்டறை வாசலில் நிறுத்தி வைத்து ஆக்சிலேட்டரை முறுக்கிப் பார்த்துவிட்டு 'சரியாகிவிட்டது' என்று சொல்வதை ஏற்காதீர்கள். சுமை இல்லாதபோது இந்த வண்டி நல்ல வண்டிதான்.

பூஸ்ட் சென்சாரை மாற்றினார்கள் என்கிறீர்கள். சாவியைப் போட்டு, இஞ்சினை இயக்காமல் ஸ்கேனரில் அந்தச் சென்சார் காட்டும் எண்ணைப் பார்த்தாலே அது உண்மை பேசுகிறதா என்று பெருமளவு தெரிந்துவிடும்; அப்போது அது வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்ட வேண்டும். கடல் மட்டத்தில் 101 கிலோபாஸ்கலாக இருக்கும் இந்த அழுத்தம், தருமபுரியில் ஏறத்தாழ 96 ஆகவும், இன்னும் உயரத்தில் உள்ள ஓசூரில் ஏறத்தாழ 91 ஆகவும் இருக்கும். ஓசூரில் 91 காட்டியதைக் கண்டு சென்சார் குறைவாகக் காட்டுகிறது என்று கழற்றிப் போட்டவர்களும் உண்டு! உங்கள் பழைய சென்சாரும் இப்படி அநியாயமாகப் போனதோ என்னவோ.

அடுத்தது வேக்கம். உங்கள் டர்போவின் இதழ்களைத் திறந்து மூடுவது பக்கத்தில் உள்ள ஆக்சுவேட்டர் என்ற சிறு தகர டப்பா. அதிலிருந்து ஒரு கம்பி வெளியே வரும். பெரும்பாலான வண்டிகளில் இஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் அந்தக் கம்பி ஏறத்தாழ ஒரு விரற்கடை உள்ளே இழுக்கப்பட வேண்டும். அணைத்ததும் தயங்காமல் திரும்ப வேண்டும். ஒருவர் சாவியைப் போட, மற்றவர் டார்ச் விளக்கோடு குனிந்து பார்த்தால் போதும், காசு செலவில்லை. கம்பி அசையவே இல்லையென்றாலோ, பாதியில் நின்று நடுங்கினாலோ, ஹோஸைக் கழற்றிவிட்டுக் கையால் இயக்கும் வேக்கம் பம்பை ஆக்சுவேட்டரில் நேரடியாகப் பொருத்தி இழுத்துப் பாருங்கள். கம்பி சீராக நகர்ந்து, பம்பின் அளவுமானி முள் இறங்காமல் ஒரு நிமிடம் நின்றால், ஆக்சுவேட்டரும் இதழ்களும் நலம். குறை அதற்கு முன்னால் இருக்கிறது. முள் மெல்ல இறங்கினால் ஆக்சுவேட்டரின் உள்தோல் கிழிந்திருக்கிறது. முள் நிற்கிறது, ஆனால் கம்பி விட்டுவிட்டு நகர்கிறது என்றால் இதழ்களில் கரி.

இஞ்சினில் உள்ள வேக்கம் பம்பிலிருந்து ஆக்சுவேட்டர் வரை வரும் மெல்லிய ஹோஸ்களை விரலால் தடவிக்கொண்டே போக வேண்டும். கண் மட்டும் போதாது. இரும்புத் தாங்கி ஒன்றில் உரசி உரசி அடிப்பக்கம் தேய்ந்திருக்கும், மேலிருந்து பார்த்தால் புதிதுபோல் தெரியும். கொட்டகையில் வண்டியை நிறுத்துகிறவர்கள் எலியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். இதே பம்பிலிருந்துதான் பிரேக் மிதிக்கு வலு சேர்க்கும் பூஸ்டருக்கும் வேக்கம் போகிறது என்பதால், பிரேக் பெடல் சில நேரம் கட்டையாக இருப்பதாகத் தோன்றினால் தொப்பூர் இறக்கத்தில் மறுபடி இறங்குவதற்கு முன்பாகவே அதைப் பார்த்துவிடுங்கள். குளிர்ந்த இஞ்சினில் எல்லாம் சரியாக இருந்து, ஓடிச் சூடேறிய பின்பே கோளாறு வருமானால், வேக்கத்தைக் கட்டுப்படுத்தும், மின்சாரத்தால் இயங்கும் சோலினாய்டு வால்வின் மீது சந்தேகம் கொள்ளலாம். சூட்டில் அதன் சுருள் சோர்ந்துபோவது அரிதல்ல. டர்போவின் விலையோடு ஒப்பிட்டால் அதன் விலை மிகச் சிறியது.

வேக்கம் சரியென்றால், டர்போவிலிருந்து, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வழியாக இஞ்சினுக்குச் செல்லும் பெரிய குழாய்களைப் பாருங்கள். கசிவு உள்ள இடத்தில் எண்ணெயும் புழுதியும் கலந்து கறுப்பாக, ஈரமாக ஒரு படலம் பிடித்திருக்கும். சுற்றிலும் காய்ந்த மண்ணாக இருக்க, கிளிப்புக்குக் கீழே மட்டும் அந்த ஈரம் தெரியும். விரிசல் பெரும்பாலும் வளைவின் உட்புறத்தில் இருக்கும்; நிற்கும்போது வாய் மூடிக்கொண்டிருக்கும், அழுத்தம் ஏறும்போதுதான் திறக்கும். குழாயைக் கழற்றி, கையால் வளைத்துப் பார்த்தால் விரிசல் வாய் திறந்து சிரிக்கும். மேட்டில் மிதிக்கும்போது 'உஸ்' என்ற ஓசையும் பின்னால் கரும்புகையும் வந்தால் இதற்கான வாய்ப்பே அதிகம். ஏனென்றால் காற்று அளவிடப்பட்ட பின்பு வெளியேறுவதால், வராத காற்றுக்கும் சேர்த்து டீசல் தெளிக்கப்படுகிறது.

இவ்வளவுக்குப் பிறகும் பிடிபடாவிட்டால், ஸ்கேனரைப் பொருத்தி, பக்கத்தில் ஒருவரை அதைக் கவனிக்கச் சொல்லி மேடேறுங்கள். ஓட்டுகிறவர் திரையைப் பார்க்கக் கூடாது. கேட்ட அழுத்தம், கிடைத்த அழுத்தம், உள்ளே வரும் காற்றின் அளவு ஆகிய மூன்றையும் பதிவு செய்தால் போதும். அழுத்தம் குறைந்திருக்க, காற்றின் அளவு மட்டும் குறையாமல் இருந்தால் குழாய்க் கசிவு. இரண்டுமே சேர்ந்து குறைந்தால் ஃபில்டர் அடைப்பு, வேக்கம், இதழ்கள் என்ற பக்கம் திரும்ப வேண்டும். கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் குவாரிச் சாலைகளில் ஓடும் வண்டியின் ஃபில்டர், கையேட்டில் சொன்ன தூரம் வரை தாங்குவதில்லை என்பதையும் நினைவில் கொள்க. அழுத்தம் ஒரு கணம் கேட்டதைவிட மேலே துள்ளி, பின்பு கீழே விழுந்தால், அல்லது பி0234 என்ற மிகை அழுத்தக் குறியீடும் அவ்வப்போது வந்தால், இதழ்கள் கரியில் சிக்குகின்றன என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். அப்போதும் முதலில் டர்போவைக் கழற்றிச் சுத்தம் செய்ய முடியுமா என்று கேளுங்கள். டர்போவின் தண்டு முன்னும் பின்னும் ஆடினாலோ, அதன் காற்றாடிச் சக்கரம் உறையில் உரசிய தழும்பு இருந்தாலோ மட்டும் மாற்றச் சம்மதியுங்கள்.

கேள்வி: இன்டர்கூலர் குழாயைக் கழற்றியபோது உள்ளே எண்ணெய் இருந்தது. டர்போ சீல் போய்விட்டது என்கிறார் மெக்கானிக். சரியா? – வாசகர், ஊத்தங்கரை.

பதில்: உட்சுவரில் விரலை வைத்தால் ஒட்டும் அளவுக்கு எண்ணெய்ப் படலம் இருப்பது டீசல் வண்டிகளில் இயல்பே, இஞ்சினின் மூச்சுக்குழாய் வழியாக வரும் எண்ணெய் ஆவி அங்கே படிகிறது. குழாயைச் சாய்த்தால் ஒழுகும் அளவுக்குத் தேங்கியிருந்தாலோ, இஞ்சின் ஆயிலின் மட்டம் அடிக்கடி இறங்கி நீலப் புகை வந்தாலோ, அவர் சொல்வதைக் கேட்க வேண்டியதுதான்.

கேள்வி: ஒவ்வொரு முறையும் வண்டியை நிறுத்துவதற்கு முன் இரண்டு நிமிடம் ஓடவிட வேண்டுமா? – வாசகி, ஓசூர்.

பதில்: ஊருக்குள் ஓட்டி வீட்டு வாசலுக்கு வந்தபின் தேவையில்லை, கடைசித் தெருக்களில் மெதுவாக வரும்போதே டர்போ ஆறிவிடுகிறது. நீண்ட மேட்டை வேகமாக ஏறிய சூட்டோடு, உச்சியில் உள்ள தேநீர்க் கடையில் உடனே நிறுத்துவதுதான் தவறு. அங்கே ஒரு நிமிடம் ஓடவிட்டு அணைத்தால், தண்டைச் சுற்றியுள்ள எண்ணெய் கருகிக் கட்டியாகாது.