கேள்வி-பதில்: தபேலாவை ஓரங்கட்டிய சரண்ஜித் சிங்

'ஆசிட் ஹவுஸ்' என்கிற மின்னணு நடன இசையைக் கண்டுபிடித்தவர் ஒரு மும்பைக்காரர் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. நிஜமா? (கும்பகோணம் வாசகி)

பாதி நிஜம். அவர் பெயர் சரண்ஜித் சிங், 2015 ஜூலையில் மும்பையில் காலமானார். இந்தி சினிமா இசைக்குழுக்களில் கிடாரும் கீபோர்டும் வாசித்துப் பிழைத்தவர். எங்கு பார்த்தாலும் டிஸ்கோ ஓடிக்கொண்டிருந்த 1982-ல், தபேலாவை ஓரங்கட்டிவிட்டு ராகங்களுக்கு டிஸ்கோ தாளம் போட்டால் என்ன என்று யோசித்து, ரோலண்ட் கம்பெனியின் ஜூபிடர்-8 சிந்தசைசர் (மின்னணு கீபோர்டு), டிஆர்-808 தாளப்பெட்டி, டிபி-303 பேஸ் பெட்டி (அடிநாதமாக ஒலிக்கும் கீழ்ஸ்தாயி ஒலிக்கானது) மூன்றையும் வைத்துக்கொண்டு பத்து ராகங்களை வாசித்துத் தள்ளினார். 'டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்' என்ற ஆல்பமாக எச்எம்வி இசைத்தட்டு கம்பெனி வெளியிட்டது. போணியாகவில்லை.

1987-ல் சிகாகோவில் ஃப்யூச்சர் குழு 'ஆசிட் ட்ராக்ஸ்' வெளியிட்டதைத்தான் ஆசிட் ஹவுஸின் தொடக்கம் என்பார்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஆச்சரியமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தச் சிகாகோ பையன்களுக்கு இவரைத் தெரியாது, நமக்கே தெரியாதே! அதனால் 'தந்தை' பட்டமெல்லாம் வேண்டாம். முன்னால் போனவர், அவ்வளவுதான், அதுவே பெரிய விஷயம்.

உயிரோடு இருக்கும்போது யாராவது மதித்தார்களா? (சேலம் வாசகர்)

மதித்தார்கள், 28 வருஷம் கழித்து. நெதர்லாந்தைச் சேர்ந்த எடோ பௌமன் என்ற ரிகார்ட் சேகரிப்பாளர் 2010-ல் மறுபதிப்பு போட்டார். 1982-ல் இப்படி ஒன்று வந்திருக்கவே முடியாது, யாரோ விளையாடுகிறார்கள் என்றுகூடச் சிலர் சந்தேகப்பட்டார்கள். அப்புறம் எழுபதைத் தாண்டிய வயதில் ஐரோப்பிய மேடைகளில் வாசித்தார்.

மெஷினில் ராகம் வாசிப்பது அபத்தமில்லையா? (பெயர் வேண்டாம் என்ற வாசகர்)

கோபம் புரிகிறது. ஆனால் டிபி-303 கொஞ்சம் விசித்திரமான பெட்டி. பேஸ் வாசிக்க ஆள் இல்லாத கிடார்காரர்கள் துணைக்கு வைத்துக்கொள்ளட்டும் என்று ஜப்பானில் செய்தது. பேஸ் கிடார் மாதிரி ஒலிக்கவே இல்லை, ஸ்வரங்களைப் பதிவதும் தலைவலி, 1984-ல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். அப்புறம் பழைய சாமானாக மலிவு விலைக்கு வந்ததைத்தான் சிகாகோவில் வாங்கிக் குமிழ்களைத் திருகித் திருகி அந்தக் கொழகொழ ஒலியை எடுத்தார்கள். அதில் 'ஸ்லைடு' என்று ஒரு வசதி உண்டு, ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிக்கொண்டு போகும், ஏறக்குறைய நம் ஜாரு. ஸ்வரத்தை அசைத்து வாசிக்கும் கமகம் முழுசாக வந்துவிடாதுதான், ஆனால் பியானோவில் இதுகூட வராது. இன்னொன்று, மேற்கத்திய பாட்டு மாதிரி ராகத்துக்குக் கார்டு (பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிப்பது) மாறிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை, ஷட்ஜம், அதாவது 'ஸ', நின்றால் போதும். ஒரே பேஸ் வரி திரும்பத் திரும்பச் சுழல, மேலே ஜூபிடரில் ராகம் நகர்கிறது. சரண்ஜித் சிங் பிடித்தது இந்தப் பொருத்தத்தைத்தான்.

குறையும் இருக்கிறது. பத்துமே கிட்டத்தட்ட ஒரே வேகம், நின்று நிதானித்து ஆலாபனை கேட்டுப் பழகியவர்கள் ஐந்தாவதில் எழுந்து போய்விடுவார்கள்.

எதிலிருந்து தொடங்கலாம்? (மதுரை வாசகி)

பைரவ். நம் மாயாமாளவகௌளையின் ஸ்வரங்கள்தான், சரளி வரிசை பாடியவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். அடுத்து மால்கௌன்ஸ், அதாவது ஹிந்தோளம். கலாவதி நம் வலஜி. ஃபோன் ஸ்பீக்கரில் மட்டும் போடாதீர்கள், பேஸே கேட்காது.