மகன் ட்ரோன் வாங்கியிருக்கிறான், ரிமோட் ஐடிக்குப் பயப்பட வேண்டுமா?

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்.

நியூ ஜெர்சியின் எடிசனில் பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் உங்கள் மகன் சேமித்த பணத்தில் 249 கிராம் எடையுள்ள ட்ரோன் வாங்கியிருக்கிறான். தெரிந்த ரியல்டர் (வீடு விற்பனை முகவர்) ஒருவர், விற்பனைக்கு வரும் வீடுகளை மேலிருந்து படம் எடுத்துத் தந்தால் பணம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. நீங்களோ, ரிமோட் ஐடி என்ற ஏதோ ஒன்று பிள்ளை நிற்கும் இடத்தைக்கூட ஊருக்கே காட்டிவிடுமாமே என்று கலங்கிப்போயிருக்கிறீர்கள். அதற்குப் பதில் சொல்கிறேன். ஆனால் உங்கள் கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரி எனக்கு இதைவிடப் பெரிதாகத் தெரிகிறது. அதற்கும் வருகிறேன்.

ரிமோட் ஐடி என்பது வானில் போகும் ட்ரோனுக்கு ஒரு நம்பர் பிளேட். அமெரிக்க விமானப் போக்குவரத்தை நிர்வகிக்கும் எஃப்ஏஏ 2021 ஜனவரியில் இந்த விதியை வெளியிட்டது. ட்ரோன் ஓட்டுபவர்களுக்கு அது 2023 செப்டம்பர் 16 முதல் பொருந்தியது. கருவி கிடைக்காமல் பலர் தவித்ததால் 2024 மார்ச் 16 வரை கெடுபிடி செய்யாமல் விட்டிருந்தார்கள். இப்போது அந்தச் சலுகை இல்லை. பறக்கும் நேரம் முழுவதும் ட்ரோன் தன் அடையாள எண், இருக்கும் இடம், உயரம், வேகம், நேரம், கட்டுப்படுத்துபவர் நிற்கும் இடம் ஆகியவற்றை வைஃபை அல்லது புளூடூத் அலையில் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும். பெயரும் வீட்டு முகவரியும் அதில் வராது. அந்த எண் யாருடையது என்று பதிவேட்டில் பார்க்க எஃப்ஏஏவால் முடியும், தேவைப்பட்டால் அவர்கள் வழியாகக் காவல்துறைக்கும் தெரியவரும்.

உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. அவன் நிற்கும் இடத்தை, போனில் அதற்கான செயலி வைத்திருக்கும் யாரும் பார்க்க முடியும். இது அந்தரங்கத்தில் தலையிடுவதாகச் சொல்லி, ட்ரோன் பந்தய உதிரிபாகங்கள் விற்கும் ரேஸ்டேகுவாட்ஸ் நிறுவனம் வழக்கே போட்டது. 2022 ஜூலையில் வாஷிங்டன் டி.சி. மேல்முறையீட்டு நீதிமன்றம் விதி செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஆகவே இதோடு வாழப் பழக வேண்டியதுதான். பதினாறு வயதுப் பையன் தனியே ஒரு மைதானத்தின் ஓரத்தில் ரிமோட்டும் கையுமாக நிற்க வேண்டாம். நீங்களோ அவன் அப்பாவோ பக்கத்தில் நின்று ட்ரோனையும் சுற்றுப்புறத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். யாராவது கோபமாக வந்து கேட்டால் முதலில் ட்ரோனை இறக்கிவிட்டு, பிறகு பேச்சு. இந்தப் பழக்கம் அவனுக்கு இப்போதே வந்துவிட வேண்டும்.

நியூ ஜெர்சிக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதே இல்லை. 2024 கடைசியில் உங்கள் மாநிலத்து வானில் மர்ம ட்ரோன்கள் என்று ஊரே அண்ணாந்து பார்த்தது. 5,000க்கும் மேற்பட்ட தகவல்கள் எஃப்பிஐக்குப் போயின. முறையாகப் பறந்த ட்ரோன்கள், விமானங்கள், ஹெலிகாப்டர்கள், ஏன், நட்சத்திரங்களைக்கூட மக்கள் தவறாக எண்ணியிருந்தார்கள் என்று அதிகாரிகள் பிறகு சொன்னார்கள். அப்படிச் சந்தேகம் கிளம்பும் ஊரில், நம் பிள்ளையின் ட்ரோன் தன் அடையாளத்தைத் தானே சொல்லிக்கொண்டு பறப்பது அவனுக்குப் பாதுகாப்பு. என் கருத்தில், நம் நிறமும் நம் பெயரும் கொண்ட பையனுக்கு அது கூடுதல் பாதுகாப்பு.

இனி அந்த 249 கிராம் விவகாரம். "250 கிராமுக்குக் குறைவு, பதிவு வேண்டாம், ரிமோட் ஐடி வேண்டாம்" என்று கடைக்காரர் சொன்னது பாதி உண்மை. வெறும் பொழுதுபோக்குக்கு மட்டும் பறக்கவிட்டால் அது சரி. அப்போதும் ட்ரஸ்ட் என்ற இலவச இணையத் தேர்வை அவன் முடித்திருக்க வேண்டும். ரியல்டருக்காக எடுக்கும் நிமிடத்தில் அது பொழுதுபோக்கு அல்ல. பணமே வாங்காமல் எடுத்துக் கொடுத்தாலும் அல்ல. பார்ட் 107 என்ற விதித்தொகுப்புக்குள் வந்துவிடுகிறான். அங்கே எடை எவ்வளவு இருந்தாலும் ஒவ்வொரு ட்ரோனையும் தனியாகப் பதிய வேண்டும், கட்டணம் 5 டாலர், மூன்று ஆண்டுக்குச் செல்லும். பதிவு வந்தால் ரிமோட் ஐடியும் கூடவே வரும். எடை குறைந்த சில மாடல்களில் அந்த வசதி இருக்காது. பெட்டியை நம்பாமல், அவனுடைய மாடல் எஃப்ஏஏவின் ஒப்புதல் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மேலே ஒட்டும் ஒலிபரப்புக் கருவி தனியாக விற்கிறது. ஆனால் அதை ஒட்டியதும் எடை 250ஐத் தாண்டிவிடும், பிறகு பொழுதுபோக்குக்கும் பதிவு கட்டாயம். அந்தக் கருவியை நாளை இன்னொரு ட்ரோனுக்கு மாற்றினால், பார்ட் 107இன் கீழ் பதிவிலும் எண்ணை மாற்ற வேண்டும். இதில் பலர் கோட்டை விடுகிறார்கள். மீறினால் அபராதம் ஒரு தவறுக்கு 75,000 டாலர் வரை போகலாம். எல்லோருக்கும் அவ்வளவு போடுவதில்லை, ஆனாலும் சட்டத்தில் அந்த உச்சவரம்பு இருக்கிறது.

இப்போது அந்த வரி: "நாங்கள் இன்னும் கிரீன் கார்டுக்குக் காத்திருக்கிறோம்." அப்படியானால் உங்கள் மகன் எச்-4 விசாவில், அதாவது எச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்தினருக்குத் தரும் விசாவில் இருக்கிறான் என்று எடுத்துக்கொள்கிறேன். அம்மா, எச்-4இல் இருக்கும் பிள்ளை சம்பாதிக்கக் கூடாது. ஒரு வீட்டுக்கு வாங்கும் சிறு தொகைகூட வேலைதான், அது நாளைக்கு அவனுடைய விசா விண்ணப்பங்களில் வந்து நிற்கும். ட்ரோன் விதியில் சறுக்கினால் அபராதத்தோடு போகலாம், இதில் சறுக்கினால் மீள்வது கடினம். கிரீன் கார்டுக்கான கடைசிக் கட்ட ஐ-485 விண்ணப்பம் போட்டு அவன் பெயருக்கு வேலை அனுமதி அட்டை வந்திருந்தால் நிலைமை வேறு. இலவசமாகச் செய்தால் பரவாயில்லையா என்று கேட்பீர்கள். மற்றவர்கள் காசு வாங்கிச் செய்யும் வேலையை இலவசமாகச் செய்வதும் சிக்கலாகலாம். உங்கள் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எதற்கும் தலையாட்ட வேண்டாம். அவனுக்கு இருபத்தொன்று ஆனதும் எச்-4 முடிந்துவிடும் என்பதால், கல்லூரித் திட்டத்தையும் அதே பேச்சில் கேட்டுவிடுங்கள்.

இதனால் தம்பியின் ஆசையை வெட்ட வேண்டியதில்லை. பார்ட் 107 சான்றிதழுக்குப் பதினாறு வயது ஆகியிருந்தால் போதும், ஆங்கிலம் எழுதப் படிக்கப் பேசத் தெரிய வேண்டும், குடியுரிமை கேட்பதில்லை. தேர்வு மையத்துக்கு நேரில் போய் 60 கேள்விகள், 70 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி, கட்டணம் 175 டாலர். பாஸானபின் பாதுகாப்புப் பின்னணிச் சோதனை ஒன்று உண்டு. பிறகு 24 மாதத்துக்கு ஒருமுறை இலவச இணையப் பயிற்சி. ஆயிரக்கணக்கில் பணம் கட்டிக் கோச்சிங் சேர்க்காதீர்கள். எஃப்ஏஏவின் பாட நூலும் மாதிரி வினாக்களும் இலவசமாகவே கிடைக்கின்றன. வான்வரைபடம் படிப்பதும் வானிலை அறிக்கை படிப்பதும்தான் கடினம். நியூவர்க் விமான நிலையம் பக்கத்தில் இருப்பதால் உங்கள் ஊர் வரைபடமே அவனுக்கு நல்ல பயிற்சி.

வேலை என்று பார்த்தால், பறக்கவிடத் தெரிந்த கைக்கு மட்டும் நீண்ட நாள் மதிப்பிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. கண்ணுக்கு எட்டாத தூரம் பறக்கும் ட்ரோன்களுக்காக எஃப்ஏஏ 2025 ஆகஸ்டில் முன்வைத்த பார்ட் 108 வரைவைப் பாருங்கள். அதில் தனிப்பட்ட பைலட் சான்றிதழுக்குப் பதிலாக, செயல்பாட்டு மேற்பார்வையாளர், பறப்பு ஒருங்கிணைப்பாளர் போன்ற பொறுப்புகளை நிறுவனமே நியமிக்கும் ஏற்பாடுதான் இருக்கிறது. படங்களை இணைத்து வரைபடமாக்குவது, ஜிஐஎஸ் என்ற கணினி வழி நிலவரைபடத் தகவல் வேலை, மின்கம்பி ஆய்வு, விதிகளை ஒழுங்காகக் கடைப்பிடிக்க வைக்கும் பொறுப்பு, இவற்றில் ஆள் தேவைப்படும். ரிமோட் ஐடியை இப்போதே புரிந்துகொள்ளும் பையன் அந்தக் கடைசி வேலைக்குப் பாதித் தயாராகிவிட்டான். உங்கள் மாநிலத்திலேயே வாரன் கவுன்டி சமுதாயக் கல்லூரியில் ட்ரோன் படிப்பு இருக்கிறது, ஒருநாள் கூட்டிப்போய்க் காட்டுங்கள். ராணுவம், மத்திய அரசு ஒப்பந்தம் சார்ந்த வேலைகள் பலவற்றில் குடியுரிமை கேட்பார்கள் என்பதையும் அவனிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

ரியல்டருக்கு அவனையே பதில் எழுதச் சொல்லுங்கள்: சான்றிதழுக்குப் படிக்கிறேன், வேலை அனுமதி கிடைக்கும்வரை பணத்துக்கோ இலவசமாகவோ எடுத்துத் தர முடியாது. தேர்வு தேதியைப் பதிந்தபின் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், வான்வரைபடத்தில் எந்தப் பகுதியிலிருந்து தொடங்குவது என்று அவனுக்குச் சொல்கிறேன்.