கரண்ட் போனதில் உபுண்டு அப்டேட் பாதியில் நின்றுவிட்டதா? ஃபார்மேட் வேண்டாம்

கேள்வி: ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டரில் உபுண்டு 24.04 இருக்கிறது. போன வாரம் அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விட்டது, யூபிஎஸ்ஸும் தாங்கவில்லை. மறுபடி ஆன் செய்தால் நன்றாகத்தான் வருகிறது. ஆனால் எதை நிறுவப் போனாலும் டிபிகேஜி இடையில் நின்றுவிட்டது என்றும், தேவையான பேக்கேஜ்கள் இல்லை என்றும் பிழை காட்டுகிறது. அதற்கு முந்தின நாள்தான் பிரின்டருக்காக ஒரு பழைய டெப் ஃபைலைப் போடப் பார்த்தேன், அதுவும் முடியவில்லை. லாக் (பூட்டு) ஃபைலை அழித்துவிடுங்கள் என்கிறார் ஒருவர். ஃபார்மேட்தான் வழி என்கிறார் இன்னொருவர். நான்கு வருட வேலை அதில் இருக்கிறது. என்ன செய்யட்டும்?

பதில்: ஃபார்மேட் செய்யாதீர்கள். லாக் ஃபைலையும் தொடாதீர்கள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் கணினி கெட்டுப்போகவில்லை, ஒரு வேலை முடியாமல் நிற்கிறது. எது வரை முடிந்தது, எங்கே நின்றது என்ற கணக்கு ஹார்ட் டிஸ்கிலேயே எழுதப்பட்டிருக்கிறது. விட்ட இடத்திலிருந்து அதை முடிக்க வைப்பதுதான் நம் வேலை.

கணினி இப்போது திறக்கிறது அல்லவா? முதல் காரியமாகக் கடை வேலைகள் எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவிலோ வெளி டிஸ்கிலோ நகல் எடுத்துவிடுங்கள். பயம் போய்விட்டால் நிதானமாகப் படித்துச் செய்ய முடியும். இந்த வேலைக்கு நிதானம்தான் முக்கியம்.

இனி வரும் கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சின்ன எழுத்துகளில் தட்டுங்கள். டிபிகேஜி என்பது டி, பி, கே, ஜி என்ற நான்கு எழுத்துகள். ஆப்ட் என்பது ஏ, பி, டி. சூடோ என்பது எஸ், யூ, டி, ஓ; நிர்வாகி உரிமையோடு ஓட்டு என்று பொருள். இரட்டைக் கோடு இருக்கும் இடத்தில் இரண்டு கோடுகளையும் இடைவெளி விடாமல் போட வேண்டும்.

உபுண்டுவில் மென்பொருள் நிறுவுவது இரண்டு ஆட்கள் சேர்ந்து செய்யும் வேலை. டிபிகேஜி என்பவர் கையில் கொடுத்த ஒரு பேக்கேஜைப் பிரித்து உரிய இடங்களில் வைப்பார். அதற்குத் தேவையான மற்றது இல்லையென்றால் இல்லை என்று சொல்வாரே தவிர, போய் வாங்கி வரமாட்டார். வாங்கி வருபவர் ஆப்ட். எது எதற்கு வேண்டும், எந்த வரிசையில் போட வேண்டும் என்று கணக்குப் போட்டு, இணையத்திலிருந்து இறக்கி, டிபிகேஜியிடம் கொடுப்பார். உபுண்டுவுக்குத் தாயான டெபியன் 1993இல் தொடங்கியது. ஆப்ட் அதில் சேர்ந்தது 1999இல் வந்த 2.1 பதிப்பில்தான். வேலைகள் தனித்தனியாக இருப்பதால் பழுதுபார்ப்பிலும் சிலவற்றை டிபிகேஜியிடமும் சிலவற்றை ஆப்ட்டிடமும் சொல்ல வேண்டியிருக்கிறது.

டிபிகேஜியின் வேலையும் இரண்டு கட்டம். வீடு மாறும்போது சாமான்களை வண்டியிலிருந்து இறக்கி அறைகளில் வைப்பது ஒன்று, கேஸ் அடுப்பை இணைத்து ஃபேனை மாட்டுவது இன்னொன்று. முதல் கட்டத்தில் ஃபைல்கள் வந்து உட்காருகின்றன. இரண்டாவது கட்டத்தில் அந்தப் பேக்கேஜுக்கு உரிய சிறு நிரல் ஒன்று ஓடி அதை அமைக்கிறது. அப்டேட்டின்போது பல பேக்கேஜ்களை இறக்கி வைத்த பிறகே ஒவ்வொன்றாக அமைப்பார்கள். உங்கள் கடையில் கரண்ட் போனது இந்த இரண்டுக்கும் நடுவில். அதனால்தான் பாதிப் பேக்கேஜ்கள் இறக்கியபடியே கிடக்கின்றன.

லாக் ஃபைல் விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இணையத்தில் பலரும் முதலில் சொல்லும் தவறான யோசனை அதுதான். பூட்டு என்பது அந்த ஃபைல் அல்ல. ஓடிக்கொண்டிருக்கும் நிரல் ஒன்று, இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலிடம் அந்த ஃபைலின் மேல் ஒரு பிடி வாங்கிக்கொள்கிறது. அந்த நிரல் நின்றாலோ கணினி அணைந்தாலோ பிடி தானாகவே விட்டுப்போகும். ஃபைல் மட்டும் எப்போதும் அங்கேயே இருக்கும், அதனால் ஒன்றும் ஆகாது. நீங்கள் எத்தனையோ முறை ஆஃப் செய்து ஆன் செய்துவிட்டீர்கள். பழைய பூட்டு இருக்கவே முடியாது.

லாக் கிடைக்கவில்லை என்று இப்போதும் பிழை வந்தால், வேறொன்று உண்மையிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் உபுண்டு பின்னணியில் தானாக ஓட்டும் பாதுகாப்பு அப்டேட்டாக இருக்கும். யார் பிடித்திருக்கிறார்கள் என்று பிழைச் செய்தியே பெயர் சொல்லும். அது முடியும்வரை காத்திருங்கள். பல வருடங்களுக்கு முன் நான் அவசரப்பட்டு அந்த ஃபைலை அழித்திருக்கிறேன். இரண்டு நிரல்கள் ஒரே பதிவேட்டில் எழுதின. அதைச் சரிசெய்ய ஓர் இரவு முழுக்கத் தேவைப்பட்டது.

சரி, டெர்மினலைத் திறங்கள். முதலில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள்:

டிஎஃப் -எச்

மூலப் பிரிவிலோ (வெறும் / என்று முடியும் வரி), பூட் என்ற பிரிவு தனியாக இருந்தால் அதிலோ 100 சதவீதம் என்று காட்டினால், மற்ற எதுவும் வேலை செய்யாது. நிறுவும்போது டிஸ்கை என்கிரிப்ட் செய்தவர்களுக்குப் பூட் தனிப் பிரிவாக இருக்கும். பழைய கர்னல்கள் சேர்ந்து அது நிரம்பிவிடுவது வழக்கம். அப்படியென்றால் 'சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ்' தேவையற்ற பழைய கர்னல்களை எடுத்துவிடும். டிபிகேஜி இடையில் நின்றுவிட்டது என்று அது மறுத்தால், கீழே வரும் கான்ஃபிகர் கட்டளைக்குப் பிறகு மறுபடி தட்டிப் பாருங்கள். மூலப் பிரிவு நிரம்பியிருந்தால், இணையத்திலிருந்து இறக்கிச் சேமித்திருக்கும் டெப் ஃபைல்களை 'சூடோ ஆப்ட் கிளீன்' அழித்து இடம் தரும்.

அடுத்து, டிபிகேஜியின் பதிவேட்டை ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள்:

சூடோ சிபி -ஏ /வார்/லிப்/டிபிகேஜி /ரூட்/

வார் என்பது வி, ஏ, ஆர். லிப் என்பது எல், ஐ, பி. இது வேண்டாமே என்று தோன்றும். ஆனால் பின்னால் எது தப்பினாலும் திரும்பி வர ஒரு வழி இருக்கும். இப்போது முக்கியமான கட்டளை:

சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ

இறக்கி வைத்ததையெல்லாம் அமைத்து முடி என்பது இதன் பொருள். நடுவில் ஏதாவது அமைப்புக் கோப்பைப் பழையதே வைக்கவா, புதியது போடவா என்று கேட்டால் வெறுமனே என்டர் தட்டுங்கள், உங்களுடையது அப்படியே இருக்கும். பலருக்கு இந்த ஒரு கட்டளையோடு பிரச்சினை தீர்ந்துவிடுகிறது.

உங்களுக்கு அந்தப் பழைய டெப் ஃபைலும் குறுக்கே நிற்பதால் பிழை வரலாம். அப்போது எங்கே பார்ப்பது என்பதுதான் இதில் கற்றுக்கொள்ள வேண்டிய ஒரே திறமை. கடைசியில் பத்துப் பதினைந்து பேக்கேஜ் பெயர்களோடு ஒரு பட்டியல் வரும். அதைப் பார்த்து எல்லாமே போச்சு என்று நினைத்துவிடுகிறார்கள். அந்தப் பட்டியலை விட்டுவிட்டு மேலே உருட்டிப் போங்கள். பெரும்பாலான பெயர்களுக்கு, சார்ந்த பேக்கேஜில் பிரச்சினை இருப்பதால் இதை அமைக்காமல் விடுகிறேன் என்றுதான் எழுதியிருக்கும். அவை குற்றவாளிகள் அல்ல, வரிசையில் பின்னால் நிற்பவர்கள். அந்த வாசகம் இல்லாமல், வேறொரு காரணம் சொல்லித் தோற்ற பேக்கேஜ் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அதன் பெயரையும் அதற்கு நேர் மேலே உள்ள வரியையும் குறித்துக்கொள்ளுங்கள். அதைச் சரிசெய்தால் மற்றவை தாமாக நகரும்.

அப்புறம் ஆப்ட்டின் முறை:

சூடோ ஆப்ட் அப்டேட்
சூடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்

முதலாவது, ரெப்போவில் (உபுண்டுவின் இணையப் பேக்கேஜ் கிடங்கில்) என்னென்ன இருக்கிறது என்ற பட்டியலைப் புதுப்பிக்கும். இரண்டாவது, குறைகிற பேக்கேஜ்களைக் கொண்டுவந்து போடும், அல்லது பொருந்தாததை எடுத்துவிடும். அந்த 'எடுத்துவிடும்' என்பதில் கவனம் வேண்டும். ஒய் தட்டுவதற்கு முன், எவற்றையெல்லாம் நீக்கப்போகிறது என்ற பட்டியலை வரி வரியாகப் படியுங்கள். உங்கள் பிரின்டர் பேக்கேஜ் மட்டும் இருந்தால் தாராளமாக ஒப்புக்கொள்ளலாம். உபுண்டு டெஸ்க்டாப், க்னோம் போன்ற பெயர்கள் இருந்தால் வேண்டாம் என்பதற்கான 'என்' எழுத்தைத் தட்டி வெளியே வாருங்கள். 2021 நவம்பரில் யூடியூபர் லைனஸ் செபாஸ்டியன், உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட பாப் ஓஎஸ்ஸில் ஸ்டீம் என்ற விளையாட்டு மென்பொருளை நிறுவப் போய், எச்சரிக்கையைத் தாண்டி ஒப்புதல் வாசகத்தைத் தட்டினார். டெஸ்க்டாப்பே நீங்கிக் கறுப்புத் திரைதான் மிஞ்சியது. அதன் பிறகு ஆப்ட்டை எழுதுபவர்கள் அந்த வழியை இறுக்கினார்கள். ஆனாலும் டெஸ்க்டாப் தொகுப்பைச் சாதாரணமாக நீக்குவதற்கு இன்றும் ஒரு ஒய் போதும்.

கரண்ட் போனால் குறிப்பாக வரக்கூடிய பிழைகள் மூன்று உண்டு. முதலாவது, ஒரு பேக்கேஜ் மிக மோசமான நிலையில் இருக்கிறது, மறுபடி நிறுவ வேண்டும் என்று வரும். அதற்கு 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் --ரீஇன்ஸ்டால்' என்று தட்டி, பக்கத்தில் அந்தப் பெயரைப் போட்டால் போதும்.

இரண்டாவது, ஒரு பேக்கேஜின் ஃபைல் பட்டியலில் கடைசி வரி முடிவு இல்லை என்று சொல்லி டிபிகேஜி மொத்தமாக நின்றுவிடும். பட்டியல் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய், உள்ளே குப்பை நிரம்பிவிட்டது. /வார்/லிப்/டிபிகேஜி அடைவுக்குள் (ஃபோல்டருக்குள்) இன்ஃபோ என்ற உள் அடைவில், அந்தப் பேக்கேஜ் பெயரோடு லிஸ்ட் என்று முடியும் ஃபைல் இருக்கும். அந்த ஒன்றை மட்டும் வேறு இடத்துக்கு நகர்த்திவிட்டு, பேக்கேஜை மறுபடி நிறுவுங்கள், பட்டியல் புதிதாக உருவாகும்.

மூன்றாவது அபூர்வம்: ஸ்டேட்டஸ் என்ற பதிவேடே சிதைந்திருப்பது. அதற்கும் மாற்று இருக்கிறது. அதே அடைவில் ஸ்டேட்டஸ்-ஓல்ட் என்று முந்தைய நகல் இருக்கும். வார் அடைவுக்குள் உள்ள பேக்கப்ஸ் அடைவிலும் பழைய நாள்களின் நகல்கள் இருக்கும். நல்ல நகல் ஒன்றை ஸ்டேட்டஸ் என்ற பெயரில் வைத்தால் பதிவேடு திரும்பக் கிடைத்துவிடும். ஃபார்மேட் செய்பவர்கள் தூக்கி எறிவது இந்த நகல்களையும் சேர்த்துத்தான்.

அந்தப் பிரின்டர் டெப் ஃபைலுக்கு வருவோம். பழைய உபுண்டுவுக்குச் செய்த டெப் ஃபைல், பழைய லைப்ரரியைத்தான் (பல மென்பொருள்கள் பகிர்ந்துகொள்ளும் துணைப் பேக்கேஜை) கேட்கும். அடிக்கடி பார்க்கிற ஒன்று, லிப்எஸ்எஸ்எல் 1.1 வேண்டும், ஆனால் நிறுவ முடியவில்லை என்ற பிழை. அது ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற பாதுகாப்பு மென்பொருளின் பகுதி. உபுண்டு 22.04இலேயே ஓப்பன்எஸ்எஸ்எல் 3க்கு மாறிவிட்டார்கள். 1.1.1 பதிப்புக்கான பொதுவான பராமரிப்பு 2023 செப்டம்பரில் நின்றுவிட்டது. அதனால் உங்கள் ரெப்போவில் அது இல்லை, இனி வரவும் வராது. 20.04இன் ரெப்போ வரியைச் சேர்த்து அதைக் கொண்டுவரும்படி யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இரண்டு பதிப்புகளின் ரெப்போக்களைக் கலப்பதுதான் கரண்ட் போவதைவிடப் பெரிய சேதம். எந்த லைப்ரரி எங்கிருந்து வந்தது என்ற ஒழுங்கே குலைந்து, ஒவ்வொரு அப்டேட்டிலும் இடிக்கும்.

அந்தப் பேக்கேஜை 'சூடோ ஆப்ட் ரிமூவ்' கொண்டு நீக்கிவிடுங்கள். பிறகு பிரின்டரை யூஎஸ்பியிலோ வைஃபையிலோ இணைத்து, செட்டிங்ஸில் பிரின்டர்ஸ் பகுதியைத் திறந்து பாருங்கள். கடந்த சில வருடங்களில் வந்த பிரின்டர்கள் பெரும்பாலும் தனி டிரைவர் இல்லாமலே வேலை செய்கின்றன. வேலை செய்யாவிட்டால், உங்கள் பதிப்புக்கென்று வெளிவந்த டெப் ஃபைலைத் தேடிப் போடுங்கள். போடும்போது டிபிகேஜியை நேராகக் கூப்பிடாமல் இப்படிப் போடுங்கள்:

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ./ஃபைல்பெயர்.டெப்

முன்னால் உள்ள புள்ளியும் சாய்கோடும் அவசியம். அவை இல்லையென்றால் ஆப்ட் அதை ரெப்போவில் தேடும். இந்த வழியில் தேவையானது கிடைக்காவிட்டால் தொடங்கும் முன்பே மறுத்துவிடும், பாதியில் நிற்காது.

எல்லாம் முடிந்ததா என்று பார்க்க:

சூடோ டிபிகேஜி --ஆடிட்

ஒன்றும் சொல்லாமல் அடுத்த வரிக்கு வந்துவிட்டால், பாக்கி எதுவும் இல்லை. விவரமாகப் பார்க்க விரும்பினால் 'டிபிகேஜி -எல்'. அதில் எல் சின்ன எழுத்து. வரியின் தொடக்கத்தில் சின்ன ஐ இரண்டு இருந்தால் நன்றாக இருக்கிறது. இரண்டாவது எழுத்து பெரிய யூ என்றால் இறக்கியதோடு நிற்கிறது. பெரிய எஃப் என்றால் அமைக்கும்போது தோற்றது. ஆர், சி என்றிருப்பவை நீக்கிய பேக்கேஜ்களின் மிச்ச அமைப்புக் கோப்புகள்தான், விட்டுவிடலாம்.

பிறகு 'சூடோ ஆப்ட் அப்கிரேட்' கொடுத்து நின்றுபோன அப்டேட்டை முடியுங்கள். சில பேக்கேஜ்களை நிறுத்தி வைத்திருக்கிறேன் என்று வந்தால் பதறாதீர்கள். சில அப்டேட்களைக் கட்டம் கட்டமாகத்தான் எல்லாருக்கும் அனுப்புகிறார்கள், உபுண்டு 21.04இலிருந்து ஆப்ட்டும் அந்த வரிசையை மதிக்கிறது. உங்கள் முறை வரும்போது வந்துவிடும்.

இந்த வேலைகளுக்கு நடுவில் கணினி திறக்காமல் போனால், ஆன் செய்ததும் எஸ்கேப் விசையை, பழைய பயாஸ் கணினியென்றால் ஷிஃப்ட்டை அழுத்திக் க்ரப் பட்டியலை (எதைக் கொண்டு கணினியைத் திறப்பது என்று கேட்கும் பட்டியல்) வரவழையுங்கள். அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் உள்ளே முந்தைய கர்னலைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். அதுவும் வரவில்லையென்றால் ரெக்கவரி மோடு. அதிலுள்ள பட்டியலில் டிபிகேஜி என்றே ஒரு வரி இருக்கிறது, உடைந்த பேக்கேஜ்களைச் சரிசெய்வதற்கென்றே வைத்தது. அதற்கு முன் நெட்வொர்க் என்ற வரியைத் தேர்ந்தெடுத்து இணைய இணைப்பைத் தொடங்கிவிடுங்கள்.

இவ்வளவும் செய்து, ஒரே பேக்கேஜ் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு பிழையோடு தோற்றால் மட்டும் டிஸ்க் மேல் சந்தேகம் வர வேண்டும். 'சூடோ டிமெஸ்க்' என்று தட்டுங்கள். எழுத்துகள் டி, எம், இ, எஸ், ஜி. வரும் வரிகளில் ஐ/ஓ எரர் என்ற சொற்கள் உங்கள் டிஸ்கின் பெயரோடு திரும்பத் திரும்ப வந்தால், பேக்கேஜ் பழுதுபார்ப்பை அங்கேயே நிறுத்திவிட்டுப் புது டிஸ்க் வாங்குங்கள். முதலில் எடுத்து வைத்த கடை வேலைகளின் நகலைத் திறந்து, ஃபைல்கள் சரியாக இருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்த பிறகு பழையதைக் கழற்றுங்கள்.