‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ படத்தில் வருவதுபோல, ஆஸ்திரியாவின் ட்ராப் பாடகர் குடும்பம் நாஜிகளிடமிருந்து மலை தாண்டித்தான் தப்பியதா? படத்தில் எவ்வளவு உண்மை?

மலை ஏறவே இல்லை. பெட்டி படுக்கையோடு ரயிலேறி இத்தாலிக்குப் போனார்கள்.

சுவிட்சர்லாந்துக்கு மலையேறிப் போகும் கடைசிக் காட்சியை வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் சிரிப்பு வரும். அவர்கள் வாழ்ந்த சால்ஸ்பர்க்கை ஒட்டித் தெற்கே நிற்பது உன்டர்ஸ்பெர்க் மலை. அதைத் தாண்டி இறங்கினால் ஜெர்மனியின் பெர்க்டெஸ்காடன். ஹிட்லரின் மலைவீடு இருந்த இடம். சுவிஸ் எல்லையோ மேற்கே 200 கிலோமீட்டருக்கும் அப்பால்.

ஏன் இத்தாலி? குடும்பத் தலைவர் ஜார்ஜ் ட்ராப் பிறந்தது 1880இல், ஸாடர் துறைமுகத்தில். அப்போது அது ஆஸ்திரியப் பேரரசின் ஊர். முதல் உலகப்போருக்குப் பின் இத்தாலியின் கைக்குப் போனது. அதனால் அவருக்கும், அவர் வழியாகக் குடும்பத்துக்கும், இத்தாலியக் குடியுரிமை கிடைத்தது. கூடவே அமெரிக்காவில் கச்சேரி செய்ய ஒப்பந்தமும் கையில் இருந்தது. ஆக, 1938இல் அவர்களைக் காப்பாற்றியவை காகிதங்கள். காகிதத்தை வைத்து உச்சக்கட்டம் எடுக்க முடியாது, மலை தேவைப்பட்டது.

படத்தின் நாயகி மரியா, மனைவியை இழந்த ஜார்ஜின் வீட்டுக்கு வந்தது 1926இல், அவருடைய ஏழு பிள்ளைகளுக்கும் பொறுப்பாளராக அல்ல. நோயிலிருந்து தேறிக்கொண்டிருந்த ஒரு மகளுக்குப் பாடம் சொல்லித்தர மட்டும். அடுத்த ஆண்டே இருவருக்கும் கல்யாணம்; மரியாவுக்கு 22, ஜார்ஜுக்கு 47. படத்தில் கல்யாணம் முடிந்த கையோடு நாஜிகள் வந்துவிடுவார்கள். நிஜத்தில் இடையே பத்து வருடம் ஓடியது, இரண்டு பெண் குழந்தைகளும் பிறந்தார்கள். கிளம்பும்போது மரியா மறுபடி கர்ப்பிணி.

அந்தப் பத்து வருடத்தில்தான் முக்கியமான கதை இருக்கிறது. படம் விட்டதும் அதைத்தான். 1930களில் வங்கி மூழ்கியதில் சொத்து கரைந்தது. வேலையாட்களைக் குறைத்து, அறைகளை வாடகைக்கு விட்டார்கள். அப்படி வந்து தங்கியவர்தான் பாதிரியார் ஃபிரான்ஸ் வாஸ்னர். குடும்பமாகப் பாடிக்கொண்டிருந்தவர்களுக்குக் குரல் பிரித்து, பயிற்சி கொடுத்து, மேடைக்குத் தயாரான குழுவாக்கியவர் அவர். அமெரிக்காவுக்கும் கூடவே போனார். படத்தில் அவர் இல்லை. அந்த இடத்தில் மாக்ஸ் என்ற கற்பனைக் கலகலப்பு ஆசாமி. பிள்ளைகளுக்கு சரிகம சொல்லித்தருவது போன்ற ‘டோ ரே மி’ பாட்டும் அதே கணக்குதான். மரியா வருவதற்கு முன்பே அந்த வீட்டில் பாட்டும் வாத்தியமும் இருந்தன.

ஜார்ஜ் விசில் ஊதிக் கூப்பிட்டது உண்மை, ஆளுக்கொரு ஒலியும் உண்டு. சிடுமூஞ்சி என்பதுதான் பொய். அவர் சாது, கோபக்காரர் மரியா என்பதே பிள்ளைகள் சொன்னது.

படம் கதையை இப்படி மாற்றியதை மரியா ஏன் தடுக்கவில்லை என்றால், உரிமை அவரிடம் இல்லை. 1949இல் வந்த தன் புத்தகத்தின் திரைப்பட உரிமையை ஒரு ஜெர்மானிய நிறுவனத்துக்குச் சொற்பத் தொகைக்கு விற்றிருந்தார். அது 1956இல் ஜெர்மன் படமாகி, 1959இல் பிராட்வே நாடகமாகி, 1965இல் ராபர்ட் வைஸின் படமானது. ஒவ்வொரு கை மாறும்போதும் கொஞ்சம் சர்க்கரை கூடியது.

படத்தில் மரியாவாக நடித்த ஜூலி ஆண்ட்ரூஸ் கிடாரும் பெட்டியுமாகப் பாடிக்கொண்டே ஊருக்குள் நடக்கும் காட்சியில் பின்னாலுள்ள வளைவைக் கவனியுங்கள். அந்தப் பக்கமாக நடந்து போகும் பெண்களில் ஒருவர் நிஜ மரியா.