வேலி பிடுங்கிய நாள் எது?

தெஹிவளையிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வெள்ளவத்தை ஃபிளட்டில் இருந்து அலுத்து, பிள்ளைகள் பயமில்லாமல் சைக்கிள் ஓட்டட்டும் என்று அமைதியான ஒழுங்கையில் எட்டு பேர்ச் காணியோடு வீடு வாங்கியிருக்கிறார்கள். பாடசாலை விடுமுறைக்கு 12 நாள் மட்டக்களப்புக்குப் போய்த் திரும்பினால், பக்கத்து வீட்டுக்காரர் தகர வேலியைப் பிடுங்கிவிட்டு இவர்கள் காணிக்குள் ஒன்றரை அடி தள்ளி மதில் கட்டியிருக்கிறார். பொலிஸ் இரு தரப்பையும் கூப்பிட்டு விசாரித்து, கோர்ட்டுக்குப் போகச் சொல்லிவிட்டது. மத்தியஸ்த சபையில் அடுத்த மாதம் திகதி. ஊரிலிருந்து வந்து ஆறு வாரமாகிறது. மாநகர சபையைக் கொண்டு மதிலை உடைப்பிக்க முடியுமா என்று கேட்கிறார்.

சட்டத்தரணியின் பதில்:

நீங்கள் எழுதியபடி பக்கத்து வீட்டு நாய் குரைப்பதும், அவர்கள் கேட்டுக்கு முன்னால் கார் நிறுத்துவதும், பிள்ளைகளின் பந்தைத் திருப்பித் தராததும் மனதுக்குக் கஷ்டம்தான். வழக்குக்கு அவை எதுவும் உதவாது. உங்கள் கடிதத்தில் நான் தேடியது ஒரு திகதியை. அது மட்டும் அதில் இல்லை: வேலியை என்றைக்குப் பிடுங்கினார்கள்?

1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் போனால், பறிபோன இடத்தை ஓரளவு விரைவாகத் திரும்பப் பெறலாம். ஆனால் 68ஆம் பிரிவு, மனு தாக்கல் செய்த நாளுக்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் நீங்கள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டிருக்க வேண்டும் என்கிறது. நீங்கள் திரும்பி வந்து மதிலைக் கண்ட நாளிலிருந்து எண்ணுகிறீர்கள். எண்ண வேண்டியது வேலி போன நாளிலிருந்து. நீங்கள் ரயில் ஏறிய மறுநாளே பிடுங்கியிருந்தால் இப்போதே ஐம்பது நாள் தாண்டிவிட்டது. கையில் ஏறக்குறைய ஒரு வாரம்தான் இருக்கிறது, அதிலும் சனி ஞாயிறு போய்விடும்.

என்னிடம் வருபவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் விழுகிறார்கள். பொலிஸில் ஒரு முறைப்பாடு, கிராம சேவகரிடம் ஒரு கடிதம், அப்புறம் மத்தியஸ்த சபைத் திகதி என்று நல்ல மனதோடு அலைவார்கள். முறைப்பாட்டுப் பிரதி கையில் இருப்பதால் எல்லாம் நடந்துகொண்டிருக்கிறது என்று நினைப்பார்கள். மூன்றாம் மாதம் அந்தப் பிரதியோடு என் முன்னால் வந்து உட்காரும்போது, மாவட்ட நீதிமன்றத்தைத் தவிர வேறு வழி சொல்ல என்னிடம் இருக்காது. அங்கே எல்லை வழக்கு என்றால் ஆணை, நில அளவை, மறு அளவை, மேன்முறையீடு என்று உங்கள் பிள்ளை ஓ.எல். எழுதும் காலம் வரை இழுபடலாம். முறைப்பாடு நல்ல சான்று, ஆனால் அது நாட்களை நிறுத்தி வைக்காது. மத்தியஸ்த சபைத் திகதியையும் நம்பி இருக்க வேண்டாம்.

ஆகவே இந்த வாரமே ஒரு சட்டத்தரணியைப் பிடித்து, கல்கிசை நீதிமன்றத்தில் சத்தியக்கடதாசியோடு மனுவைப் போடுங்கள். வேலி போன நாளைக் காட்ட எதிர்வீட்டுக்காரரின் வாட்ஸ்அப் படமோ, மேசன் வந்த நாளோ, ஏதாவது கிடைக்கும். பக்கத்து வீட்டுக்காரர் மண்வெட்டியோடு வந்து "தொட்டுப் பார்" என்றதாக இரண்டு வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். சமாதானம் குலையும் அபாயத்தைக் காட்டாமல் 66ஆம் பிரிவில் நிற்க முடியாது. அதனால் உங்கள் குறைகளில் அது ஒன்றை மட்டும் விரிவாக எழுதுங்கள். மதிலில் நீங்கள் கை வைக்கவே வேண்டாம். வைத்தால் அன்றைக்கே சந்தேக நபர் நீங்கள்.

மாநகர சபை யோசனையை விடுங்கள். உங்கள் வீட்டுப் பின்பக்கம் இறக்கிய சமையலறைக்கு அனுமதி எடுத்ததாக நீங்கள் எங்கும் எழுதவில்லை. அதிகாரி அளக்க வந்தால் இரண்டு வளவையும்தான் பார்ப்பார். பக்கத்து மதிலைப் பற்றி முறையிட்டு, கடைசியில் தன் சமையலறைக்கு உடைப்புக் கட்டளை வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். ஒன்றரை அடி அகலம், நாற்பது அடி நீளம் என்றால் 60 சதுர அடி. ஒரு பேர்ச் 272 சதுர அடிக்குச் சற்று மேல், ஆகவே போனது கால் பேர்ச்சுக்கும் குறைவு. அதற்காகப் பத்து வருடம் அதே ஒழுங்கையில் முகம் பாராமல் வாழப் போகிறீர்களா? மனுவைப் போட்ட பிறகு பேசுங்கள். விசாரணைக்கு முன் இணக்கத்துக்கு முயலும்படி அந்தச் சட்டமே நீதிபதியிடம் சொல்கிறது. அவர் மதிலைத் தள்ளிக் கட்டினால் நல்லது. இல்லையென்றால் இருவருக்கும் பொதுவான ஒரு நில அளவையாளரைக் கொண்டு அளந்து, பெறுமதியை வாங்கிக்கொண்டு விடுங்கள் என்பேன்.

ஆனால் பொலிஸ் நிலையத்தில் எழுதிக் கையெழுத்திட்ட தாளோடு முடித்துவிடாதீர்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் இல்லாமல் காணி கைமாறாது. உறுதியும் புதிய பிளானும் வேண்டும், பதிவும் வேண்டும். வீடு வங்கியில் ஈடாக இருந்தால் வங்கியின் சம்மதத்தை முதலில் எழுத்தில் எடுங்கள்.