கேளுங்கள்: லண்டன் ஜெயித்தும் ஏன் இறங்கியது?

கே: இங்கிலாந்து ரக்பி லீகில் இரண்டாம் நிலையில் ஐந்தாவதாக வந்த அணி, கோப்பையையும் வென்று மேல்நிலைக்கும் போனதாமே? நம்பலாமா? (சேலம் வாசகர்)

நம்பலாம். லண்டன் பிராங்கோஸ், 2023. உச்சநிலையான சூப்பர் லீகுக்கு அடுத்த படியான சாம்பியன்ஷிப்பில் லீக் ஆட்டங்கள் முடிந்தபோது முதலிடத்தில் இருந்தது பெதர்ஸ்டோன் ரோவர்ஸ், நிலக்கரிச் சுரங்கத்தால் வளர்ந்த ஒரு சின்ன ஊரின் அணி. ஆனால் அப்போதைய விதிப்படி முதலிடம் பிடித்தால் ஒரு கேடயமும், பிளே-ஆஃபில் (லீக் முடிந்தபின் முன்னணி அணிகள் ஆடும் நாக்-அவுட் சுற்று) சொந்த மைதானத்தில் ஆடும் வசதியும்தான் கிடைத்தன. மேலே போகிற டிக்கெட்டுக்குப் பிளே-ஆஃபையே ஜெயிக்க வேண்டியிருந்தது, அதில் முதல் ஆறு அணிகளுக்கு இடம் இருந்தது. லண்டன் முதலில் ஷெஃபீல்டுக்குப் போய் ஜெயித்தது, அப்புறம் பெதர்ஸ்டோனை அவர்கள் ஊரிலேயே 36-26 என்று கவிழ்த்தது, அக்டோபர் 15 அன்று பிரான்ஸுக்குப் போய் துலூஸை 18-14 என்று மடக்கியது. மூன்றுமே எதிரணியின் மைதானத்தில். லண்டன் அப்போது பகுதிநேர அணி, துலூஸோ முழுநேர அணி. நான்கே புள்ளி வித்தியாசம், அதாவது துலூஸ் இன்னும் ஒரு டிரை (எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் ஊன்றுவது, 4 புள்ளி) போட்டிருந்தால் சமன். கடைசி நிமிடங்களில் லண்டன்காரர்கள் மூச்சு விட்டிருப்பார்களா என்பதே சந்தேகம்!

கே: ரக்பி என்றாலே ஒருவர் மேல் ஒருவர் குவிந்து கிடப்பதுதானே? இதில் லீக் என்ன, யூனியன் என்ன? (கோவை வாசகர்)

இரண்டும் வேறு வேறு ஆட்டங்கள். குவிந்து கிடப்பது யூனியனில். லீகில் அணிக்கு 13 பேர். பந்தோடு ஓடுகிறவரை மடக்கிப் பிடித்துவிட்டால் அது ஒரு டேக்கிள். பிடித்தவர்கள் விலக வேண்டும், விழுந்தவர் எழுந்து பந்தைத் தன் முன்னால் தரையில் வைத்து, காலால் பின்னுக்கு உருட்டிவிட, பின்னால் நிற்பவர் எடுத்துக்கொண்டு ஆட்டம் தொடரும். இந்த ஒரு நொடியில்தான் எல்லாக் கள்ளத்தனமும்: பிடித்தவர் எழுவதற்கு ஒரு கணம் அதிகம் எடுத்துக்கொள்வார், அதற்குள் அவருடைய ஆட்கள் பின்வாங்கி வரிசை கட்டிவிடுவார்கள். ஆறாவது முறையும் மடக்கப்பட்டால் பந்து எதிரணிக்கு. அதனால் ஐந்து முடிந்ததும் பெரும்பாலும் உதைத்துவிடுவார்கள்.

கே: அவ்வளவு கஷ்டப்பட்டு ஏறிய லண்டன் இப்போது எங்கே? (திருநெல்வேலி வாசகர்)

ஒரே வருடத்தில் இறங்கிவிட்டது. ஆனால் தோற்றதால் இறங்கியது என்று சொல்லிவிட முடியாது, எரிச்சலே அங்கேதான். 2025 முதல் யார் சூப்பர் லீகில் ஆடுவது என்பதை மைதானம் முடிவு செய்யாது, ஐஎம்ஜி என்ற விளையாட்டு வணிக நிறுவனம் வகுத்த மதிப்பெண் பட்டியல்தான் முடிவு செய்யும் என்று 2022-லேயே கிளப்புகள் ஓட்டுப் போட்டு ஏற்றுக்கொண்டன. மொத்தம் 20 புள்ளி: ரசிகர் பலத்துக்கு 5, ஆட்டத்துக்கு 5, பணத்துக்கு 4.5, மைதானத்துக்கு 3, ஊரோடு உள்ள உறவுக்கு 2.5. லண்டன் கோப்பையைத் தூக்கிய அதே அக்டோபரில் வெளியான மாதிரிப் பட்டியலில் அவர்களுக்குக் கிடைத்த இடம் 24. வாடகைக்கு ஆடியது விம்பிள்டன் கால்பந்துக் கிளப்பின் மைதானத்தில், கூட்டமும் சொற்பம், மார்க் எங்கிருந்து வரும்? 2024 முழுக்க ஆடி மூன்றே வெற்றி. அதே சூப்பர் லீகில் ஆடிய ஹல் எஃப்சி அணிக்கும் அதே மூன்றுதான், ஆனால் மதிப்பெண் பட்டியலால் அவர்கள் தங்கிவிட்டார்கள். கடன் வாங்கி ஆள் எடுத்து மேலே போய் திவாலாகிற கிளப்புகளைத் தடுக்க இப்படி ஏதாவது வேண்டும் என்பது எனக்கும் புரிகிறது. ஆனால் துலூஸில் ஜெயித்துவிட்டு வந்தவனிடம் "தம்பி, உன் இடம் 24" என்று சொல்ல எனக்கு வாய் வராது.

கே: லண்டன் இடத்துக்கு யார் வந்தார்கள்? (ஈரோடு வாசகர்)

வேக்ஃபீல்டு டிரினிட்டி. 2023-ல் கீழே விழுந்தவர்கள். புது முதலாளி மாட் எல்லிஸ், பயிற்சியாளர் டேரில் பவல். 2024-ல் வெம்ப்லியில் '1895 கோப்பை' என்ற போட்டியின் இறுதியில் ஷெஃபீல்டை 50-6, சாம்பியன்ஷிப் இறுதியில் பாவம் அதே துலூஸை 36-0. மதிப்பெண் பட்டியலிலும் உயர்ந்த தரமான ஏ. அவர்களுக்கு மைதானமும் மார்க்கும் ஒரே பதிலைச் சொன்னது, அதனால் யாரும் சண்டை போடவில்லை.